விரல் முதலில்

இரண்டாம் வகுப்பு, மூன்றாவது பீரியட்.
பால்பவுடர் டின்னின் வாயில்
பலூன் தோலை இழுத்துக் கட்டி
மேலே ஒரு பிடி ரவை.
"கத்துங்க" என்றேன்.
கொருக்குப்பேட்டைப் பிள்ளைகளிடம்
இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை.
கத்தினார்கள்.
ரவை குதித்தது.
கெவின் தொண்டையைப் பிடித்துக்கொண்டு
"மிஸ், உள்ள ஆட்டோ ஓடுது" என்றான்.
கொஞ்ச நேரம் எல்லோரும்
அவரவர் ஆட்டோவை ஓட்டிப் பார்த்தார்கள்.

பிறகு, யாரும் கத்தாதபோது,
ரவை தானாக நடுங்கி
ஓரத்துக்கு நகர்ந்தது.
"பேய்" என்றது கடைசி வரிசை.
அப்சல் எழுந்துபோய்ச் சுவரில் கன்னம் வைத்தான்.
"பேய் இல்ல. கூட்ஸு."
முப்பது எண்ணுவதற்குள்
கேட்டுக்கு அந்தப் பக்கம் ஹாரன்.

காதுக்கு முன்னால் ரவைக்குத் தெரிந்ததைக்
கரும்பலகையில் எப்படி எழுதுவது?
சாக்பீஸோடு நின்றேன்.

அப்புறம் கரண்டி, ஸ்கேல், டிபன் மூடி,
ஜன்னல் கம்பி, ஒருத்தன் தலை என்று
தட்டாதது பாக்கியில்லை.
எச்.எம். இரண்டு முறை ஆள் அனுப்பினார்.

"சரி. இப்ப சத்தமே வராம
டம்ளரைத் தரையில வைக்கணும். யாரு?"
மோனிஷ் மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தான்.
ணங்.
யாஷிகா கண்ணை மூடிக்கொண்டு வைத்தாள்.
ணங்.

எதற்கும் கை தூக்காத தனுஜா வந்தாள்.
சுண்டுவிரலை முதலில் தரையில் வைத்தாள்.
அதன்மேல் டம்ளரின் அடி.
பிறகு விரலை உருவிக்கொண்டாள்,
தூங்கும் பிள்ளையின் தலைக்கு அடியிலிருந்து
கையை எடுப்பதுபோல.

"எப்படிடீ?"

"அப்பாக்கு ஆர்பர்ல நைட்டு, மிஸ்.
பகல்ல தூங்கும்.
ஒரே ரூமு."

கேட்காமலே இன்னும் காட்டினாள்.
அதிர்ந்துகொண்டிருந்த தட்டின் விளிம்பை
இரண்டு விரலால் கிள்ளி,
"இங்க புடிச்சா செத்துரும்."
குடத்தை எந்தப் பக்கம் சாய்த்தால்
தண்ணீர் பேசாது,
தாழ்ப்பாளில் எங்கே எண்ணெய் தடவ வேண்டும்.
என் பாடக்குறிப்பில் ஒன்றுமே இல்லை.
உட்கார்ந்து எழுதிக்கொண்டேன்.

எச்.எம். இந்த முறை தானே வந்தார்.
வாசலில் நின்று உற்றுப் பார்த்தார்.
"என்ன டீச்சர், சத்தத்தையே காணோம்?"

யாரும் நிமிரவில்லை.
முப்பத்தோரு டம்ளர்கள்
முப்பத்தோரு சுண்டுவிரல்கள்மேல்
இறங்கிக்கொண்டிருந்தன.

மேசைமேல் ரவை
அசைய ஆரம்பித்திருந்தது.

அவருக்கு இன்னும் தெரியாது.