மரத்த இடம்

தைத்து மூடும்முன்
வெட்டின ஓரமெல்லாம் மரப்பு மருந்து விட்டிருக்கோம்,
ராத்திரி பத்து, பதினொன்று வரை தாங்கும்,
அப்புறம் வலிச்சா கூப்பிடுங்க,
பொறுத்துக்கிட்டு கிடக்காதீங்க
என்றார் மயக்க டாக்டர் ஷாஹிதா.

பொறுத்துக்கிட்டு கிடக்காதே என்று
இதற்கு முன் என்னிடம் யாரும் சொன்னதில்லை.

ஸ்டான்லி. மூன்றாம் மாடி. பிற்பகல்.
பல் பிடுங்கிய அன்று
உதடு அடுத்தவன் உதடாகத் தொங்குமே
அப்படி
என் இடுப்பு அடுத்தவன் இடுப்பு.
கையைப் பின்னால் விட்டுத் தொட்டேன்.
விரலுக்குப் பிளாஸ்திரி தெரிந்தது,
பிளாஸ்திரிக்கு விரல் தெரியவில்லை.

பதினொரு வருஷம்.
வியாசர்பாடியில் வண்டி ஏற்றி
பெரம்பூர், அகரம், ஜமாலியா.
இருபது லிட்டர் கேன்
தோளில் ஒன்று, கையில் ஒன்று.
லிஃப்டில் கேன் ஏற்றக் கூடாது என்று
கம்ப்யூட்டர் எழுத்தில் ஒட்டியிருப்பார்கள்.
காலிக் கேனுக்கு மட்டும் அனுமதி உண்டா என்று
ஒருநாள் வாட்ச்மேனிடம் கேட்டேன்,
அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

எல் நாலு, எல் அஞ்சு என்று
ஸ்கேன் படத்தை டாக்டர் பேனாவால் தட்டியபோது
ஏதோ ஃப்ளாட் நம்பர் என்றுதான் பட்டது.
எத்தனையாவது மாடி என்று
வாய்வரை வந்தது.

அந்த வலி
இடுப்பில் கிளம்பும்,
தொடையோரம் இறங்கும்,
கால் கட்டைவிரலில் போய்த்தான் நிற்கும்.
நடுவில் ஒரு ஸ்டாப்பிங் கிடையாது.

ஆறு மணிக்கு புஷ்பலீலா போனில் கேட்டாள்,
வலிக்குதா?
இல்லை என்றேன்.
பதினொரு வருஷமாக இதே கேள்விக்கு
இதே பதில்.
இன்றைக்குத்தான் அது நிஜம்.
அவள் நம்பவில்லை.

சரியாயிடுச்சு சிஸ்டர், எழுந்து நிற்கட்டுமா?
வலி தெரியலைங்கிறது வேற,
வலி இல்லைங்கிறது வேற,
திரும்பாம படுங்க
என்று டிரிப்ஸைத் தட்டிவிட்டுப் போனார் குணவதி சிஸ்டர்.
பக்கத்துக் கட்டில் துறைமுகத்துக்காரர்
நேற்று இதே ஆபரேஷன் ஆனவர்,
சுவரைப் பார்த்தபடி சொன்னார்:
வரும்.

வந்தது.
பதினொன்றே முக்காலுக்கு.
முதலில் தையல் எங்கே இருக்கிறது என்று தெரிந்தது.
பிறகு எத்தனை தையல் என்றும் தெரிந்தது.
என் இடுப்பு என்னிடமே திரும்பி வந்துவிட்டது
சூட்டோடு.

பல்லைக் கடித்தேன், பழக்கம்.
ஆனால் காதைத் தீட்டிக்கொண்டு
கீழே கேட்டபடியும் இருந்தேன்
தொடைக்கு இறங்குகிறதா என்று.
கெண்டைக்கால். இல்லை.
கட்டைவிரல். ஆட்டிப் பார்த்தேன்.
இல்லை.
வெட்டின இடத்தில்
வெட்டின வலி மட்டும்.
ஊர் சுற்றாத வலி.

அதன்பிறகும் கொஞ்ச நேரம்
கூப்பிடலாமா வேண்டாமா என்று கிடந்தேன்.
சிஸ்டர் தூங்கியிருப்பார்களோ என்றுகூட யோசித்தேன்.
பிறகு கூப்பிட்டேன்.
சத்தமாகவே.
கட்டிலுக்கடியில் பாயில் கிடந்த மச்சான்
தலையை இடித்துக்கொண்டு எழுந்தான்.

டியூபில் மருந்து இறங்க இறங்க
நாக்கு வறண்டது.
ஒரு வாய்தான் என்று சொல்லி
மச்சான் டம்ளரைப் பிடித்தான்.
வார்டு மூலையில்
கவிழ்த்து வைத்த கேனுக்குள்
ஒரு பெரிய குமிழி புரண்டு ஏறியது,
குளுக்.

இங்கே லிஃப்ட் ஸ்ட்ரெச்சருக்கு மட்டும்.
யாரோ ஒருத்தன்
காலையில் இதை மூன்று மாடி
தூக்கி வந்திருக்கிறான்.
எந்தத் தோளில் என்று
யோசித்தபடியே
குடித்தேன்.