நான்கு விரற்கடை

என் வீட்டுக்காரர் கொதிகலன் பார்ப்பவர்.
சிப்காட்டில், பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட்.
முள் எந்தக் கோட்டைத் தாண்டினால்
யாரைக் கூப்பிட வேண்டும் என்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.
வீட்டில் இரண்டு வருஷமாக
ஆம்பிளிஃபயர் வெந்துகொண்டிருந்தது.
அது தெரியவில்லை.

புதுப்பாளையத்தில் இரண்டே அறை.
ஷோகேஸ் என் சீர்வரிசை,
கண்ணாடிக் கதவு, பித்தளைப் பூட்டு.
அதற்குள் ஆம்பிளிஃபயர், அதன் தலையில் டேப் டெக்,
டெக்கின் தலையில் வீசிஆர்,
எல்லாவற்றுக்கும் மேலே
நாத்தனார் பின்னிக்கொடுத்த குரோஷா மயில்,
தோகை விரித்து
ஒரு ஓட்டை விடாமல் அடைத்துக்கொண்டு.

ஷிஃப்ட் முடிந்து வந்ததும் ஒரு பக்கம் நாதஸ்வரம்.
காதிலிருந்து ஆலையைக் கழுவ, என்பார்.
எங்கள் கல்யாண கேசட்டைப் போட்டால்
தாலிக்கு முன்னாலேயே வீசிஆர் சுட்டு நின்றுவிடும்.
மெட்டி வரைக்கும் நாங்கள் போனதே இல்லை.

கத்திரி தொடங்கிய வாரம், ஒரு ராத்திரி
இடது ஸ்பீக்கர் கரகரத்தது.
அரக்கும் கருவாடும் சேர்ந்து தீய்கிற மாதிரி ஒரு நாற்றம்.
சிப்காட் காற்றுதான் என்று
எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன்.

பாடலீஸ்வரன் வந்தார்,
பையில் ஸ்க்ரூடிரைவரும் ஒரு பெயிண்ட் பிரஷும்.
மூடியைக் கழற்றி ஊதினார்.
பறந்ததில் பாதி என் தலைமுடி.
"முதல்ல இந்த மயிலை எடுங்கம்மா.
மேல நாலு விரற்கடை, பின்னால ஒரு சாண்,
ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தாதீங்க.
ஆள் படுக்கிற மாதிரிதான்."
முந்நூற்றைம்பது வாங்கிக்கொண்டு போனார்.

ஷோகேஸ் முதுகில் துளை போட வேண்டும்.
அப்பா கடன் வாங்கிச் செய்த பலகை.
ரம்பத்தை எடுக்க நான் விடவில்லை.
மூன்று நாள் பேச்சில்லை.
நாலாம் நாள், அவர் ஷிஃப்டுக்குப் போனபின்
நானே அறுத்தேன்.
சாப்பாட்டுத் தட்டு மாதிரி நினைத்தது
பூசணிக்கீற்றாக வந்தது.

துளையில் பழைய கம்ப்யூட்டர் விசிறி ஒன்று,
கால்களுக்கு அடியில் நாலு சோடா மூடி.
மயில் இப்போது மிக்ஸியின் மேல்.

ஆனால் ஜன்னலைத் திறந்தால்
தேவனாம்பட்டினத்து உப்பு உள்ளே வருகிறது,
செம்புக் கம்பியெல்லாம் பச்சை பூக்கிறது.
சாத்தினால் வேகிறது.
காற்றும் வேண்டும்,
அது கடற்காற்றாகவும் இருக்கக் கூடாது.
கடலூரில் உட்கார்ந்துகொண்டு.

அவர் ஒரு நோட்டுப் போட்டார், ஆலை வழக்கப்படி.
கை எத்தனை எண்ணும்வரை தாங்குகிறது என்று.

9.10 – முப்பது.
9.40 – பன்னிரண்டு.
10.15 – ஆறு. நிறுத்தப்பட்டது.
10.20 – மின்வெட்டு. பணியாளர் மொட்டை மாடியில்.

ஒவ்வொரு நாளுக்கும் கீழே கையெழுத்து.

வைகாசியில் எனக்குக் காய்ச்சல்.
நாதஸ்வரம் பாதியில் இருக்கும்போது வந்து
நெற்றியில் கை வைத்தார்.
உதடு அசைவது தெரிந்தது.
"என்னையுமா எண்றீங்க?"
பதில் இல்லை. எண்ணிக்கை விட்டுப்போகுமே.

பிறகு போய் ஆம்பிளிஃபயரை அணைத்தார்.
பூசணிக்கீற்றிலிருந்து அந்தச் சின்ன விசிறியைப் பிடுங்கி
தலையணை ஓரத்தில் சாய்த்துவைத்தார்.
உள்ளங்கை அளவு காற்று.
ஒரு காதுக்கு மட்டும் வந்தது.

காய்ச்சல் விட்டபின்
தூசி தட்டும்போது நோட்டைப் புரட்டினேன்.

11.05 – நூற்றுப் பத்து.

எதன் மேல் என்று எழுதவில்லை.
கையெழுத்து இருந்தது.