மறுமுனை

பதினான்கு நொடி. நொடிக்கு இருபத்து நான்கு.
ஆக முந்நூற்று முப்பத்தாறு படத்துக்குள்
ஒருத்தி படுக்கை விரிப்பை மடித்து முடிக்க வேண்டும்,
விரிப்பே இல்லாமல்.

ஸாக்ரெபில் ஜனவரி. ஹீட்டர் தும்மிக்கொண்டிருக்கிறது.
மஞ்சள் ஒட்டுத்தாள்களில் குச்சி மனுஷி வரைந்து
ஜன்னலில் வரிசையாக ஒட்டுகிறேன்:
நுனி தேடுகிறாள். பிடிக்கிறாள். உதறுகிறாள்.
நடந்துபோய் நுனியோடு நுனி சேர்க்கிறாள்.
ஈரக் கண்ணாடியில் பசை நிற்காமல்
உதறல் மட்டும் இரண்டு தரம் கீழே விழுந்தது.

கணினிக்குள் அவள் மொட்டைத் தலையோடு நிற்கிறாள்.
காதுகூட வைக்கவில்லை இன்னும்.
இடுப்பைச் சுற்றி மஞ்சள் வளையம், முழங்கைகளில் நீலம்.
வளையத்தை இழுத்தால் வருகிறாள்,
விட்ட இடத்தில் நிற்கிறாள்.
கையை உயர்த்தி உதறவும் செய்கிறாள்.
பார்த்தால் ஈ விரட்டுகிற மாதிரி இருக்கிறது.

விரிப்பு எங்கே என்றாள் யஸென்கா.
இருக்கிறதே, என்றேன்.
இருந்தால் கனக்குமே, என்று சொல்லிவிட்டு
காப்பி எடுக்கப் போனாள்.

கனம் கையில் இல்லை.
கை அசையுமுன்னே குதிகாலுக்குத் தெரிந்துவிடும்.
பிறகு இடுப்பு கொஞ்சம் பின்வாங்கி, தோள் இறங்கி,
கடைசியில்தான் விரல்.
இதெல்லாம் எனக்குத் தெரியும்.
தெரிந்தும் திரையில் ஈதான் பறக்கிறது.

மறுநாள் வீட்டிலிருந்து நிஜ விரிப்பையே கொண்டுவந்தேன்.
மறுமுனை பிடிக்க ஓர் ஆள் வேண்டும்.
எல்லாருக்கும் வேலை இருந்தது;
கணக்குப் பிரிவு டிஹோமிர் மட்டும்
ரசீதுகளைக் கிளிப்பில் கோர்த்துக்கொண்டிருந்தார்.
நான் இதைச் செய்ததில்லையே, என்றார்.
அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர் போல
கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

சர்க்கரை டப்பாவில் செல்பேசியைச் சாய்த்துப் படம்பிடித்தேன்.
நான் உதறினேன். அவர் உதறவில்லை.
அலை போய் அவர் முகத்திலேயே அடித்தது.
மன்னிக்கணும், என்றார் விரிப்பிடம்.
நான் இழுக்க, ஒரு தாளம் கழித்து அவர் இழுக்க,
நான் நெருங்க, அவர் இரண்டடி பின்னே போக,
ஒருவழியாக நுனிகள் சேர்ந்தபோது
என் விரல்மேல் விரல் பட்டுவிடாமல்
ஒப்படைத்தார்,
வங்கியில் பணக்கட்டை நீட்டுவது மாதிரி.

அதை அளந்து பார்த்தேன். அவர் தாமதம் ஒன்பது படம்.
நாலாக்கினேன், விறைத்தது.
பன்னிரண்டாக்கினேன், தூங்கிவழிந்தது.
ஒன்பதிலேயே விட்டேன்.
அவள் இழுக்கிறாள். எதிரே வெறும் சாம்பல் தரை.
ஒன்பது படத்துக்கு ஒன்றுமில்லை.
பிறகு அவள் முழங்கை ஓரிழை முன்னே போகிறது,
யாரோ இழுத்து.

விரிப்பு வந்துவிட்டது.
வெளிர் நீலம், துவைத்துத் துவைத்து மெலிந்தது,
ஒரு மூலையில் தையல் விட்டிருக்கும்.
நான் எதையும் வரையவில்லை.

அப்புறம் மூன்று வாரம் சில்லறை வேலை.
ஒரு நாள் ட்ராமில், எதிர் இருக்கைக்காரர் முறைத்தபிறகுதான்
என் கட்டைவிரல் தானாக மடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன்.
காது வைத்தேன்.

வெள்ளிக்கிழமை சுவரில் ஓட்டிக் காட்டினோம்.
பதினான்கு நொடி. ஹீட்டர்கூட தும்மவில்லை.
விளக்குப் போடுமுன்பே யஸென்கா கேட்டாள்:
எதிரே நிற்கிறது யார்?
யாருமில்லையே, என்றேன்.
நிற்கிறார், என்றான் ஒலிக்கூடத்து லோவ்ரோ.
உயரமானவர். கூச்சக்காரர்.
அவளைப் பிடிக்கும், ஆனால் சொல்லிக்கொள்ள மாட்டார்.

பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.
செலவுச்சீட்டு ஏதோ பாக்கி என்று முணுமுணுத்தபடி
டிஹோமிர் கதவை நோக்கி வந்தார்.
சுவரில் அவள் மறுபடி முதலிலிருந்து மடித்துக்கொண்டிருந்தாள்.
வெளிச்சத்தை மறைக்காமலிருக்க,
அல்லது ஈரத் துணி முகத்தில் படாமலிருக்க,
அவர் தலையைக் குனிந்து
அடியில் நுழைந்து போனார்.

போகும்போது அவர் காதுகளைப் பார்த்தேன்.
திங்கட்கிழமை முதல் வேலை:
அவள் காதுக்கு நிறம் போதாது.