பெட்டிக்கு ஐம்பது

"ஜெர்மன் சரக்கு இப்போ கிட்டாது சிஸ்டர்.
தூத்துக்குடியில எறங்கினதாச் சொன்னாவ.
சொன்னாவ, அவ்வளவுதான்."
வடசேரியில் ஐயப்பதாஸ் அண்ணன்
இரும்பு அலமாரியைத் திறக்காமலே பேசுகிறார்.
திறந்தால் எனக்கு ஆசை வந்துவிடுமாம்.

பாயிண்ட் டூ டூ, விரல் நகம் தடிமனில்லாத தோட்டா.
போன வைகாசியில் ஒன்று பதினெட்டு ரூபாய்.
ஆவணியில் இருபத்தாறு.
இப்போது முப்பத்தொன்று, அதுவும் பேச்சில் மட்டும்.
ஒரு விரல் அசைவுக்கு
அரை டஜன் மட்டிப்பழம்.
இந்தக் கணக்கை நிறுத்தத் தெரியவில்லை எனக்கு.
நைட் டூட்டிப் படி வந்த அன்றும்
பெட்டி பெட்டியாகத்தான் எண்ணினேன்.

உள்நாட்டுச் சரக்கு உண்டு.
அதற்கும் கீழ்த் தட்டில்
மூடிப்போன ஏதோ ஒரு கிளப்பின் மிச்சம்.
மதுரைப் பக்கமாம், ஏலத்தில் எடுத்தாராம்.
அட்டையின் மூலையை எலி தின்றிருக்கிறது,
ஈயத்தில் வெள்ளை பூத்திருக்கிறது.
"இடவப்பாதியும் துலாமழையும் எத்தனையோ பார்த்த சாதனம்.
பத்துக்கு ஒண்ணு சும்மா கெடக்கும்.
பாதி வெலை."
வாங்கினேன்.
லைசென்ஸில் முத்திரை, ரிஜிஸ்டரில் மூன்று கையெழுத்து,
ஆதார் நகல் இரண்டு.
எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு ஆளை
ஆபரேஷனுக்கு அனுப்பவே இத்தனை தாள் இல்லை.

ஆரல்வாய்மொழி, ஞாயிறு காலை.
கணவாய்க் காற்று பாயின் நுனியைச் சுருட்டிப் போடுகிறது.
குப்புறப் படுத்து,
முழங்கைக்கு மேல் வாரை இறுக்கி,
பாதி மூச்சில் நின்று
விசையை இழுத்தால்

டிக்.

அவ்வளவுதான்.
குழலைத் திருப்பாமல் முப்பது எண்ண வேண்டும்.
செத்துவிட்டதா, தாமதமா என்று தெரியாத ஒன்றின் முன்
எண்ணிக்கொண்டு நிற்பது
எனக்கு வார்டில் பழக்கம்தான்.
இருபத்தெட்டு, இருபத்தொன்பது.
திறந்தேன்.
பித்தளை விளிம்பில் ஊசி குத்திய பள்ளம்.
அதன் வேலையை அது செய்திருந்தது.

அடுத்தது வெடித்தது. ஏழில் விழுந்தது.
அதற்கடுத்தது ஐந்தில், நாலு மணித் திசையில்.
"காற்று" என்றேன்.
கோச் மரியசூசையும் காற்று என்றார்.
ஏழு வருஷமாக நாங்கள் அதைத்தான் திட்டுகிறோம்,
பின்னால் காற்றாலைகள்
எங்களுக்குச் சாட்சி சொல்வதுபோல் சுற்றும்.

அன்றைக்கு ரெக்ஸலின்,
மார்த்தாண்டத்துப் பிள்ளை, கல்லூரி இரண்டாம் வருஷம்,
தன் பங்கிலிருந்து பத்தைத் தந்தாள்.
கிளப் கணக்கில் எழுதிக்கொண்டு,
"சும்மா அடிச்சுப் பாருங்க சிஸ்டர்."
பத்து ஜெர்மன்.
தொட்டால் விரலில் மெழுகு லேசாக ஒட்டுகிறது,
பூசை முடிந்து அணைத்த திரியின் வாசம்.

முதல் ஆறும் ஒரே துளை.
பழைய ஐம்பது பைசா வைத்தால் மறைந்துவிடும்.
அதே காற்று, அதே பாய்,
அதே நான் என்றுதான் நினைத்தேன்.
ஏழும் எட்டும் ஒட்டியே போயின.
ஒன்பது வெளியே.
பத்து, இன்னும் வெளியே.

"காத்தா சிஸ்டர்?"

ஒன்பதில் நான் கண்ணை மூடியிருந்தேன்.
வெடிக்கும் முன்பே அது எனக்குத் தெரியும்.
பத்தில், ஒன்பதை நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிளப் நோட்டு.
பழைய சரக்கு: எடுத்தது ஐம்பது, வெடிக்காதது ஆறு.
ஜெர்மன்: எடுத்தது பத்து, மீதம் இல்லை.
குறிப்பு என்ற கட்டத்தில்
வழக்கம்போல் காற்று என்று எழுதப்போன கோச்சிடமிருந்து
பேனாவை வாங்கினேன்.
வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.
கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

புதன்கிழமை, குலசேகரத்தில் டூட்டி முடிந்து
வடசேரிக்குப் போன் போட்டேன்.
அந்த மதுரைப் பெட்டி இன்னும் இருக்கா?
"இருக்கு. எத்தனை?"
இரண்டு.
"வெடிக்காததுக்கு நான் ஜவாப்தாரி இல்ல கேட்டேளா,
இப்பவே சொல்லியாச்சு."
அவர் கடைத் தகரத்தில்
மழை விழத் தொடங்கியது
லைனில் கேட்டது.