ஆழ்ந்த கவலை

தொட்டி இருந்த இடத்தைக் காட்டுகிறாள் வஜீஹா.
இப்போது அது கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் குழி.
பலகை மட்டும் பிழைத்துவிட்டது:
பனிநாட்டு மக்களின் அன்பளிப்பு,
நாற்பத்தைந்து கனமீட்டர்,
ஒரு கொடி, கைகுலுக்கும் இரண்டு கைகள்.
அதைக் கோழிக்கூட்டுக்குக் கதவாக்கியிருக்கிறாள்.
கொடி உள்பக்கம்.
கோழிகளாவது பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்கிறாள்.

நான் சிரித்துவிட்டேன்.
தூதரகத்து யோரன் கேட்டார்: என்ன சொல்கிறார்?
மொழிபெயர்த்தேன்:
பலகையைப் பத்திரமாக வைத்திருக்கிறார்களாம்.

பதினோரு வருடமாக இதுதான் என் பிழைப்பு.
ரமல்லாவிலிருந்து ஒரு வெள்ளை வண்டி,
ஹெப்ரோன் தாண்டித் தெற்கே மொட்டைக் குன்றுகள்,
மடியில் படிவம்.
கட்டியதும் ஒரு படிவம், இடித்ததும் ஒரு படிவம்.
நடுவில் ஒரு விடியற்காலை உண்டு,
புல்டோசரின் மஞ்சள் விளக்கில்
ஆடுகள் சுவரோடு சுவராக ஒட்டி நின்ற விடியற்காலை.
அதற்குப் படிவம் இல்லை.

பன்னிரண்டாம் கேள்வி: அனுமதி பெறப்பட்டதா?
கேட்டோம், என்றான் அவள் கொழுந்தன் ராகிப்.
முதல் மறுப்பு வந்தபோது என் மகன் தவழ்ந்துகொண்டிருந்தான்.
மூன்றாவதை அவனே எனக்குப் படித்துக் காட்டினான்.
ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.
இல்லை என்பதில் குறியிட்டேன்.

யோரன் நல்ல மனிதர். அதுதான் தொல்லை.
குழியில் இறங்கி நாடாவால் தானே அளந்தார்.
ஏறும்போது சட்டையெல்லாம் சுண்ணாம்பு.
வண்டித் தண்ணீரில் போட்ட காபியை
விலை தெரிந்தவர் போல
மண்டி வரைக்கும் குடித்தார்.
திரும்பும் வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை.
எனக்கும் மொழிபெயர்க்க ஒன்றுமில்லை.

இரவு அறிக்கை எழுதும் வேலை.
எட்டுத் தலைநகரங்கள், ஒரே பத்தி.
கண்டிக்கிறோம் என்று தொடங்கினோம்.
ஒரு தலைநகரம் அதை அடித்தது.
வன்மையாக ஆட்சேபிக்கிறோம்;
இன்னொன்றுக்கு வன்மை ஒத்துக்கொள்ளவில்லை.
இடித்தவர்கள் யார் என்று ஒரு வரி இருந்தது.
நள்ளிரவுக்குள் தொட்டி தானாகவே இடிந்திருந்தது.
இழப்பீடு கோருகிறோம் என்பது
கோரும் உரிமையைக் கைவசம் வைத்திருக்கிறோம் என்றாயிற்று.
அந்த உரிமை இன்றும் கைவசம்தான் இருக்கிறது,
கீறல்கூட விழாமல்.
அதே மாடியில் இரண்டு கதவு தள்ளி
வணிக ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் கோப்பு.
அங்கே ஒரு சொல்லுக்கும் சண்டை வரவில்லை.
ஒன்பதரைக்கே விளக்கை அணைத்துவிட்டுப் போனார்கள்.

விடிய நான்கு மணிக்கு எல்லோரும் ஒத்துக்கொண்டது:
ஆழ்ந்த கவலை.

எவ்வளவு ஆழம்?
வஜீஹாவின் தொட்டி நான்கு மீட்டர்.
இந்தக் கவலைக்கு வடமும் இல்லை, சாலும் இல்லை.
எத்தனை முறை இழுத்தாலும்
ஒரு குடம் மேலே வராது.

காலையில் அவளே போன் செய்தாள்.
என்ன சொன்னார்கள்?
அரபியில் சொன்னேன்: கலக்.
எங்கள் பேச்சில் அது
படுக்கையில் புரள்பவர்களின் சொல்.
கொஞ்சநேரம் பேச்சில்லை. பிறகு,
ஐயோ, தூக்கம் வருவதில்லையா அவர்களுக்கு?
சோம்பு கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்.
கேலியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பத்தொன்பதாம் கேள்வி: பயனாளியின் கருத்து.
சோம்பு என்று எழுதினேன், அடித்தேன்,
நன்றி என்று எழுதினேன்.

வசந்தத்தில் பணம் ஒதுக்கினார்கள்.
அதே குழி, அதே நாற்பத்தைந்து கனமீட்டர்,
இம்முறை கம்பி சற்றுத் தடிமன்.
அனுமதிக்கு நான்காவது விண்ணப்பம் போயிருக்கிறது.
ராகிப்பின் மகன்தான் எழுதினான்.

செலவைக் குறைக்க வேண்டும் என்றார் யோரன்,
என் முகத்தைப் பார்க்காமல்.
புதுப் பலகை வேண்டாம்,
பழையது பத்திரமாக இருக்கிறதல்லவா?

இருக்கிறது என்றேன்.
ஆனால் இப்போது கழற்ற முடியாது.
உள்ளே ஒரு கோழி அடைகாக்கிறது,
இருபத்தொரு நாள் ஆகும்.
அவர் அதையும் குறித்துக்கொண்டார்.