உப்புக் கிடங்கில் ஒரு சவப்பெட்டி

நான் மெழுகு உருக்குகிறவன்.
ஆயர் வோல்ராட் சொல்வதை எழுதி
பச்சை மெழுகில் அவர் முத்திரையைப் பதிப்பேன்.
முத்திரையில் அவர் சிங்காசனத்தில் அமர்ந்திருக்கிறார்.
நேரில் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை;
எப்போதும் சேணத்தில்தான்.

ஆர்னெஸ்பெல்ட் பிரபுவின் மூன்றாவது மகன்.
மூத்தவனுக்குக் கோட்டை,
அடுத்தவனுக்கு ஆற்றுத்துறை,
இவருக்கு லத்தீன்.
எட்டு வயதில் மடத்து வாசலில் இறக்கிவிட்டு
குதிரையைத் திரும்பக் கொண்டுபோய்விட்டார்களாம்.
தன் பிள்ளைப்பருவத்தில் அதை மட்டும்தான் சொல்வார்.

இருபத்தாறு வயதில் ஆயர்.
டியூக் ஒருவனைச் சொன்னார், பேராயர் வேறொருவனை.
இருவருக்கும் சமமாகப் பிடிக்காதவர் இவர்தான்.
அப்பா எண்ணிக் கொடுத்த முந்நூறு மார்க் வெள்ளியைப்
பரிசுத்த ஆவியின் கணக்கில் எழுதினோம்.
(எழுதியது நான்.)
முந்தைய ஆயர் பருத்த மனிதர்.
அவர் மோதிரத்தை இவர்
நூல் சுற்றித்தான் போட்டுக்கொண்டார்.

பிறகு பாலம்.
வேசர் ஆற்றின் குறுக்கே ஏழு வளைவு,
உப்புப் படகு ஒன்றுக்கு நான்கு காசு.
என்னுடையது என்றார் டியூக்.
எங்களுடையது என்றார்கள் நகரத்து வணிகர்கள்.
கன்னி மரியாளுடையது என்றார் ஆயர்.
நடு அண்ணன் எகெலோல்ப் எதுவும் சொல்லவில்லை;
வைக்கோல் காயும் மாதத்தில் வந்து
ஆயரின் மூன்று மாவாலைகளைக் கொளுத்தினான்.
இரண்டு நாள் புகைந்தது,
சுடச்சுட ரொட்டி வாசனையோடு.
பசித்த ஊர் அந்த வாசனையை மன்னிக்கவில்லை.

ஆகவே சபைவிலக்கு.
பன்னிரண்டு குருக்கள், பன்னிரண்டு மெழுகுவர்த்திகள்,
பதிமூன்றாவது ஆயர் கையில்.
முதல் வரிசையில் இருவரையும் பெற்றவள்.
லத்தீன் அறியாதவள்.
எகெலோல்ப் என்ற பெயர் வந்த இடத்தில் மட்டும்
தலை நிமிர்ந்து சிரித்தாள்,
ஏதோ வேண்டுதலில் மகனைச் சேர்த்திருக்கிறார்கள் என்று.
பன்னிரண்டு திரிகளும் தரையில் மோதி அணைந்தன.
ஆயர் வீசியது உருண்டுபோய்
அவள் காலடியில் எரிந்துகொண்டு கிடந்தது.
அவளே குனிந்து எடுத்தாள்.
காற்றுக்கு உள்ளங்கையால் மறைத்துப்
பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவர் வாங்கினார்.
அவள் முன்னாலேயே அணைத்தார்.

பனிக்காலத்தில் எகெலோல்ப் செத்தான்.
போரில் இல்லை, பல் வீங்கி.
விலக்கப்பட்டவனை மந்திரித்த மண் வாங்காது.
துறையருகே உப்புக் கிடங்கில் வைத்தார்கள்,
மூட்டைகளோடு மூட்டையாக.
செத்தவனையும் மன்னிக்கலாம், சட்டத்தில் இடமுண்டு:
பிரம்பால் பெட்டியில் ஒரு தட்டு, ஒரு செபம்.
ஆனால் மன்னித்தால்
அவன் மகனுக்குத் துறைமேல் உரிமை வந்துவிடும் என்றார் டியூக்.
ஆலைக்கு நஷ்டஈடு யார் தருவது என்றது நகரம்.
முதலில் என்னைக் கேள் என்று எழுதினார் பேராயர்.
ஏழு மாதம். நாற்பத்தொரு கடிதம்.
எவ்வளவு மெழுகு என்று எனக்குத் தெரியும்.

ஒரு ராத்திரி விளக்கை என்னிடம் கொடுத்து
கிடங்குக்கு நடந்தார்.
மூட்டைமேல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.
“அன்றைக்கு என் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துத்
திரும்ப ஓட்டிப் போனது இவன்தான்.
இவனுக்கு அப்போது பத்து வயது.”
திரும்பிப் பார்த்தாரா, ஆண்டவரே?
“தெரியாது. நான் சுவரைப் பார்த்து நின்றேன்.”

உடன்படிக்கையில் பதினோரு பிரிவுகள்.
பாலம் டியூக்குக்கு.
கோட்டைச் சுவர் கட்டும் உரிமை நகரத்துக்கு.
துறை பையனுக்கு, அவன் வளரும்வரை டியூக்குக்கு.
பேராயருக்கு ஆண்டுதோறும் மூன்று பீப்பாய் ஹெர்ரிங் மீன்.
கடைசிப் பிரிவு ஆயருக்கு:
அவருடைய சொந்தக் கல்லறைத் தோட்டத்திலேயே ஆறடி நிலம்.

அன்று மெழுகு சரியாக உருகவில்லை.
சிங்காசனம் தெளிவாக விழுந்தது,
இருப்பவர் முகம் விழவில்லை.
வேறு பதிக்கட்டுமா என்றேன்.
இருக்கட்டும் என்றார்.

புதைத்த அன்று தாய் கேட்டாள்,
தன் சொந்தப் பேச்சில், எல்லோர் காதிலும் விழ:
“ஏன் இத்தனை மாதம்?”
ஆயர் மோதிரத்து நூலைத் திருகினார்.
“பாலம், அம்மா.”

அவள் ஆற்றின் பக்கம் திரும்பினாள்.
மூன்றாவது வளைவின் கீழே உப்புப் படகு ஒன்று.
படகோட்டி எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தான்,
நான்கு காசு,
டியூக்கின் ஆளிடம்.