பதினேழு மடை

உறுதிமொழிப் பக்கம் என்னிடம் தயாராக இருக்கிறது.
"இவ்வாய்வேடு என் சொந்த உழைப்பால் உருவானது.
பிறர் எழுத்தை இதில் எடுத்து கையாளவில்லை."
பெயர், தேதி மட்டும் மாற்றுவேன்.
பதினெட்டு வருஷமாக அதே வரிகள்.
அதற்கும் பக்கத்துக்குப் பன்னிரண்டு ரூபாய்தான்.

நாகமலைப் புதுக்கோட்டையில்
மாடிப்படிக்குக் கீழே கடை.
ஜெராக்ஸ், டிடிபி, பைண்டிங்.
மலை காலையில் வாங்கிய வெயிலை
மத்தியானம் எங்கள் முதுகில் இறக்கும்.

சதவீதம் குறைக்கவும் வருவார்கள்.
"அக்கா, நாற்பது காட்டுது, பத்துக்குள்ள கொண்டாங்க."
கண்மாயை ஏரி ஆக்குவேன்.
மடை எல்லாவற்றையும் ஒரே தட்டில் மதகு ஆக்குவேன்.
ஒருமுறை மடையர் எல்லாரும்
மதகுயர் ஆகிவிட்டார்கள்.
அப்படியே பைண்டிங் ஆகி, பட்டமும் வாங்கிவிட்டது அது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
கேட்டதைச் செய்தேன், சில்லறை கொடுத்தேன்.

இந்த ஆடியில் முத்திருளாயி வந்தாள்.
செருப்பில் காய்ந்த களிமண்,
கையில் கோடு போட்ட நோட்டு.
கருங்கட்டான் கண்மாய்க் கரையை
மூன்று தடவை நடந்து எண்ணியிருக்கிறாள்,
முதல் இரண்டு தடவையும்
தன்மேலேயே சந்தேகப்பட்டு.
ஆறு மடை. ஏழாவது
நாற்கரச் சாலைக்கு அடியில்.

"பதினேழுன்னே போட்ருங்கக்கா.
கைடு சொல்லிட்டாரு.
ஏற்கெனவே நாலு பேர் எழுதிருக்காங்க,
நான் ஒருத்திதான் மாத்திச் சொல்றேன்."

நாலு பேருக்கும் தட்டியது நான்தான்.
கடைசி ஆள் எழுதியது ஞாபகம் இருக்கிறது:
'பதினேழு மடைகளும் பதினேழு ஊர்களைக் குறிக்கும்
என்பது ஆய்வாளரின் துணிபு.'
நல்ல வரி என்றுகூட அன்று நினைத்தேன்.

பரணில் ஒரு சாக்கு. எலி தின்றது போக
தனிஸ்லாஸின் கையெழுத்துப் பிரதி, இரண்டாயிரத்து ஒன்பது.
சாய்ந்த எழுத்து, பச்சை மை.
பக்கம் அறுபத்து மூன்றில்
ஒற்றையாக நின்றது
7.

அந்த வருஷம் நாளுக்கு நாலு தடவை கரண்ட் போகும்.
திரும்பி வந்ததும் விட்ட இடத்தைத் தேடி விரல் வைப்பேன்.
எங்கேயோ ஓர் இருட்டில் கூட ஒரு ஒன்று விழுந்திருக்கிறது.
தனிஸ்லாஸ் பார்க்கவில்லை.
அடுத்தவர் தனிஸ்லாஸைப் பார்த்தார்.
அதற்கடுத்தவர் அடுத்தவரைப் பார்த்தார்.
கண்மாயை யாரும் போய்ப் பார்க்கவில்லை.

தாளைச் சாக்கிலேயே திணித்திருக்கலாம்.
எலி பாக்கியையும் முடித்திருக்கும்.
அவள் டீ வாங்கப் போயிருந்தாள்.
இரண்டு கிளாஸோடு வரும்வரை
அந்தத் தாள் என் மடியில் இருந்தது.

"அந்த ஒன்று என்னோடது" என்றேன்.

சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்று
டீயை வெறும் தரையில் வைத்துவிட்டுக் கேட்டாள்:
"இதை அடிக்குறிப்புல எப்படிக்கா போடுறது?"

நூல் பெயர் இல்லை, பதிப்பகம் இல்லை.
அவள் சொல்லச் சொல்ல அடித்தேன்.
'பதினேழு என்பது தட்டச்சுப் பிழை.
மூலப் பிரதியில் ஏழு.
தகவல்: கா. பாண்டிச்செல்வி, தட்டச்சர்,
நேர்ப்பேச்சு, நாகமலைப் புதுக்கோட்டை.'

எத்தனை ஆயிரம் அடிக்குறிப்பு அடித்திருப்பேன்!
பத்துப் புள்ளி எழுத்தில்
என் பெயரை நான் அடித்தது இதுதான் முதல்.
'ண்டி'யில் கொம்பு சரியா என்று
பெரிதாக்கிப் பார்த்தேன்.
பிழைக்குக் கீழே நிற்கிற பெயர்தான். இருந்தாலும்.

கைடு இன்னும் படிக்கவில்லை.
வாய்மொழித் தேர்வு தையிலாம்.
அடித்துவிடச் சொன்னால் அடித்துவிடுவாளோ என்னவோ,
அது அவள் பாடு.

கடைசியில் உறுதிமொழிப் பக்கத்தைத் திறந்தேன்.
பெயர் மாற்றினேன், தேதி மாற்றினேன்.
விரல் அச்சுக் கொடுக்கப் போனது.
"இருங்கக்கா, படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுறேன்" என்றாள்.

அவளோடு சேர்ந்து நானும் படித்தேன்.
'எடுத்து'க்கும் 'கையாளவில்லை'க்கும் நடுவே
ஒரு க் இல்லை.

பதினெட்டு வருஷமாக.